ஊரறிந்த கொலையும் மன்றறிந்த கொலையும்

உயர்தர வகுப்பில் ஒருநாள் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். உள்ளே இருந்தது மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பிலோ முத்துப் பரல். அதோடு பாண்டியனின் வழக்கு முடிந்துவிடுகிறது. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்திக் கேட்டது: "சேர், கண்ணகி ஒரு சிலம்ப உடச்சுக் காட்டினா, ராசா ஏத்துக்கிட்டார். குமாரபுரத்து ஆக்கள் கண்ணால கண்டதப் போய்ச் சொன்னாங்களே, அத ஏன் கோட்டு ஏத்துக்கல்ல?"

அந்த நேரம் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இருக்கவில்லை. சட்டம் படித்த நண்பர் இருவரிடம் கேட்டும், சட்டக் கோவைகளைப் புரட்டியும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல, தமிழ் வாத்தியார். அதை மனதில் வைத்தே வாசியுங்கள்.

பிள்ளை கேட்ட வழக்கு இதுதான். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி, மூதூர்ப் பக்கம் கிளிவெட்டிக்கு அருகே உள்ள குமாரபுரத்தில் பெண்களும் சிறுவர்களும் உட்பட 24 பேர் கொல்லப்பட்டார்கள். இராணுவத்தினர் கைதாகி, அடையாள அணிவகுப்பும் நடந்தது. வழக்கு மூதூரில் தொடங்கி, திருகோணமலைக்குப் போய், கடைசியில் அனுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் போய் நின்றது. சம்பவம் நடந்து இருபது வருடம் கழித்து, 2016 ஜூலை மாதம், எஞ்சியிருந்த ஆறு எதிரிகளையும் ஜூரர் சபை குற்றவாளிகள் அல்லர் எனக் கண்டது. ஆறு பேரும் விடுதலையானார்கள்.

24 பேர் இறந்தது உண்மை. சுடப்பட்டும் வெட்டப்பட்டும் இறந்ததும் உண்மை. இதில் யாருக்கும் தகராறு இல்லை. அப்படியென்றால் எது நிரூபிக்கப்படவில்லை?

கொலை வழக்கு என்பது ஒரே கேள்வி இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கேள்விகள் அதில் இருக்கின்றன. ஆள் இறந்தாரா? இயற்கையாக இல்லாமல் இன்னொருவரின் செயலால் இறந்தாரா? அந்த இன்னொருவர் எதிரிக் கூண்டில் நிற்கும் இந்த ஆள்தானா? கொல்லும் எண்ணத்தோடு செய்தாரா? நான்கையும் வழக்குத் தொடுநர்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால். முதல் மூன்றையும் மலைபோல நிரூபித்துவிட்டு நான்காவதில் சறுக்கினால், கொலை கைநழுவிக் குறைந்த குற்றமாகிவிடும். மூன்றாவதில் சறுக்கினால் ஒன்றுமே மிஞ்சாது. நம் மாவட்டத்துப் பெரிய வழக்குகள் எல்லாம் அந்த மூன்றாவது படியில்தான் விழுந்திருக்கின்றன.

நான்காவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை 293ஆம் பிரிவில் குற்றமுறையான ஆட்கொலையையும், 294இல் கொலையையும் பிரித்துச் சொல்கிறது. கரைவலை பங்கு பிரிக்கும்போது வாய்த்தகராறு வந்து, கையில் அகப்பட்ட துடுப்பால் ஒருவன் மற்றவன் தலையில் ஒரே அடி அடித்து அவன் மவுத்தாகிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். திடீர்ச் சண்டை, முன்யோசனை இல்லை, விழுந்தவனை மேலும் அடிக்கவில்லை. இது கொலையாகாத ஆட்கொலையாகலாம். அதே ஆள் வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்துவந்து குத்தியிருந்தால் கதை வேறு. 296ஆம் பிரிவின்படி கொலைக்குத் தண்டனை மரணம். 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் தீர்ப்பு இன்றும் அதுதான். ஒருவனின் மனதுக்குள் இருந்ததை யாரும் பார்க்க முடியாது. ஆயுதம் எது, அடி விழுந்தது எங்கே, எத்தனை அடி என்பவற்றை வைத்தே நீதிபதி அதை ஊகிக்கிறார்.

இரண்டாவது கேள்வியில் நம் சமூகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜனாஸாவைச் சீக்கிரம் அடக்குவது நமக்கு முக்கியம். அதனால் சந்தேக மரணத்திலும் "பொஸ்ட்மோட்டம் வேணாம், ஜனாஸாவக் குடுங்க" என்று ஆஸ்பத்திரி வாசலில் கெஞ்சுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உம்மாமாரின் வேதனை விளங்குகிறது. ஆனால் துறைமுகத்துக் கடலில் மிதந்து வந்த ஓர் ஆள் உயிரோடு தண்ணீரில் விழுந்தாரா, இறந்த பின் போடப்பட்டாரா என்பதைச் சட்ட வைத்திய அதிகாரி மட்டுமே சொல்ல முடியும். நுரையீரலில் என்ன இருக்கிறது, கழுத்தெலும்பு முறிந்திருக்கிறதா, காயத்தின் ஓரத்தில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அவர் சொல்வார். கபுறுக்குள் போன பிறகு தோண்டி எடுத்துப் பார்ப்பதில் பாதி விடயம் அழிந்திருக்கும். குற்றவியல் விசாரணைக்காக உடலைப் பரிசோதிப்பதை மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் சபையும் அனுமதித்தே இருக்கிறது. வைத்தியரை விரைவாகச் செய்யும்படி கேட்பது நம் உரிமை. செய்யவே வேண்டாம் என்று கேட்பது கொன்றவனுக்குச் செய்யும் உதவியாகப் போய்விடலாம்.

உடல் பேசும் சாட்சி எவ்வளவு பெரியது என்பதற்கு நம் கடற்கரையே உதாரணம். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே இருந்த மாணவர்களில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. அடுத்த நாள் 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. பிரேத பரிசோதனையும் சூட்டுக் காயங்களைக் காட்டியது. கைக்குண்டுக் கதை அங்கேயே செத்துவிட்டது. அந்த மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜனும் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கும் இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

இதோடு இரண்டாவது கேள்வி முடிந்தது: கொல்லப்பட்டார்கள். அடுத்தது, யாரால்?

இறந்த மாணவர் ஒருவரின் தகப்பன், ஒரு வைத்தியர், தன் மகன் கடைசி நிமிடங்களில் தொலைபேசியில் பேசியதையும், படையினர் சுற்றி நிற்பதாக அவன் சொன்னதையும் பகிரங்கமாகச் சொல்லிவந்தார். "செத்தவன் சொன்னதாக ஒருவர் சொல்வது செவிவழிச் செய்திதானே" என்று சிலர் நினைக்கலாம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 32(1)ஆம் பிரிவில், இறந்தவர் தன் மரணத்துக்குக் காரணமான சம்பவத்தின் சூழ்நிலையைப் பற்றிச் சொன்னதைச் சாட்சியமாக எடுக்கலாம் என்கிறது. சொல்லும்போது சாகப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்தியச் சட்டத்திலும் இதே ஏற்பாடு இருந்தது. அது பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. 1937இல் பூரி ரயில் நிலையத்தில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டிக்குள் ஓர் ஆளின் உடல் இருந்தது. அவர் புறப்படுமுன் மனைவியிடம், காசு வாங்க இன்ன வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். பக்கல நாராயண சுவாமி வழக்கு எனப்படும் அதில், அந்தச் சாதாரணப் பயணப் பேச்சும் மரணத்தோடு தொடர்புள்ள சூழ்நிலையே என்று 1939இல் கோமறைக் கழகம் ஏற்றுக்கொண்டது. எந்த மரண பயமும் இல்லாமல் வாசலில் நின்று சொன்ன வார்த்தை அது.

ஆகவே அந்தத் தொலைபேசிப் பேச்சு மன்றுக்குள் போகத் தடை இல்லை. ஆனால் போனாலும் அது எதை நிரூபிக்கும்? அந்த இடத்தில் படையினர் இருந்தார்கள் என்பதை. எந்தப் படையினர், அவர்களில் விசையை அழுத்தியது யார் என்பதை அது சொல்லாது. 2006இல் அமைக்கப்பட்ட உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2015இல் வெளியானபோது, சீருடை அணிந்தவர்களுக்குத் தொடர்பு இருப்பதாக ஊகிக்க வலுவான காரணங்கள் உள்ளதாக அதில் இருந்தது. 'ஊகிக்க' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆணைக்குழு ஊகித்தால் அது அறிக்கையாகும். நீதிமன்றம் ஊகித்தால் அது அநியாயமாகும். 'சீருடை அணிந்தவர்கள்' என்று ஒரு கூட்டத்தை எதிரிக் கூண்டில் ஏற்றவும் முடியாது. ஒவ்வொருவராக, பெயர் சொல்லித்தான் ஏற்ற வேண்டும்.

2013இல் விசேட அதிரடிப் படையைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். 2019 ஜூலை 3ஆம் திகதி, சாட்சியம் போதாது என்று 13 பேரும் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். முக்கியமான சாட்சிகள் பலர் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போய்விட்டிருந்தார்கள். ஏன் போனார்கள் என்று இந்த மாவட்டத்தில் இருக்கும் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று இந்த நாட்டுக்கு வந்ததே 2015இல்தான், கடற்கரைச் சம்பவம் நடந்து ஒன்பது வருடம் கழித்து. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. காணொளி மூலம் சாட்சி சொல்லும் வழியும் இந்தச் சட்டங்களோடுதான் வந்தது. பயந்து ஓடிய சாட்சி ஒருவரை, சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவைக் காட்டித் திருப்பிக் கூப்பிட முடியுமா?

மூதூருக்கு வருகிறேன். 2006 ஓகஸ்ட் மாதம் ஊரே எழுந்து கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் நடந்த நாட்களை என் வயதுக்காரர் யாரும் மறக்கமாட்டார்கள். அந்த நாட்களில்தான், ஓகஸ்ட் 4ஆம் திகதி, பட்டினிக்கு எதிரான அமைப்பு என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளவில் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அன்று மூதூர் யார் கையில் இருந்தது என்பதே சர்ச்சையானது. மரணம் நிகழ்ந்த நேரத்தைச் சொல்ல முடிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்திருக்கும். உடல்கள் வெயிலில் கிடந்து பழுதாகிய பின்புதான் எடுக்கப்பட்டன. அடக்கம் செய்து, ஒக்டோபரில் மறுபடி தோண்டி எடுத்தார்கள்.

அதில் ஒரு சன்னத்தின் கதை நடந்தது. பரிசோதனையில் கலந்துகொண்ட அவுஸ்திரேலிய நிபுணர் ஓர் உடலில் கிடைத்த சன்னத்தை முதலில் 5.56 மில்லிமீற்றர் வகை என்றார். பிறகு அது 7.62 வகை என்று தன் கருத்தைத் திருத்தினார். வாசிப்பவருக்கு இது சின்ன விடயம். ஆனால் 7.62 என்பது டி-56 துப்பாக்கியின் ரவை. அந்தத் துப்பாக்கி இரண்டு தரப்பிடமும் இருந்தது. 5.56 சுடும் ஆயுதம் எல்லாரிடமும் இருந்ததில்லை. ஒரு சன்னம் இந்தப் பெட்டியில் இருந்து அந்தப் பெட்டிக்கு மாறியதோடு, குறிப்பிட்ட ஒரு தரப்பைச் சுட்டிய விரல் மடங்கிவிட்டது. மாற்றிச் சொன்னது சரியா, சன்னமே மாறியதா என்று ஒரு பெரும் விவாதமும் எழுந்தது. அப்படி ஒரு விவாதம் எழுந்துவிட்டாலே அந்தத் தடயப் பொருள் மன்றில் பாதி உயிரை இழந்துவிடும். ஒரு பொருளை எடுத்தது யார், முத்திரையிட்டது யார், யார் கையால் யார் கைக்குப் போனது என்ற சங்கிலி ஓரிடத்திலும் அறாமல் இருக்க வேண்டும். குமாரபுர வழக்கில் பகுப்பாய்வுக்கு அனுப்பிய ஆயுதங்கள் கொழும்பில் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் ஏற்பட்ட தீயில் அழிந்துபோயின. கண்ணகியின் கையில் சிலம்பு இருந்தது. கிளிவெட்டியில் இருந்து போன சனத்தின் கையில் கண்ணால் கண்டது மட்டும்தான் இருந்தது.

மூதூர்க் கொலைக்கு இன்றுவரை யாரும் விளக்கத்துக்கு நிறுத்தப்படவில்லை. வெளிவந்த அறிக்கைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கைகாட்டின. சிலவற்றில் ஊர்காவல் படையின் பெயரும் அடிபட்டது. ஊர்காவல் படை என்றால் நம் பொடியன்கள். அப்போது நம் ஆட்கள் பலர் கொதித்ததை நான் பார்த்தேன். "ஆதாரம் எங்க? ஆரு கண்டது? பேரச் சொல்லுங்க பாப்பம்" என்றார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் அதே ஆட்கள் வேறு வழக்குகளில் "எல்லாருக்கும் தெரியும்தானே, இனி என்ன சாட்சி" என்று சொன்னதையும் என் காதாலே கேட்டிருக்கிறேன்.

கண்ணால் கண்ட சாட்சிக்கு வருவோம். 134ஆம் பிரிவின்படி எந்த விடயத்தையும் நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு இல்லை. நம்பத்தக்க ஒருவரே போதும். நம் ஃபிக்ஹில் கிஸாஸுக்குப் பெரும்பான்மை இமாம்கள் இரண்டு சாட்சி கேட்கிறார்கள். இந்த நாட்டுச் சட்டம் எண்ணிக்கையைக் கைவிட்டுத் தரத்தைப் பிடித்துக்கொண்டது. மிருசுவில் வழக்கு அதற்கு நல்ல உதாரணம். 2000 டிசம்பரில் அங்கே எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். தப்பி ஓடிய ஒருவர் சொன்னதைத் தொடர்ந்து உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவருடைய வாயும் மண்ணுக்குள் இருந்த உடல்களும் ஒரே கதையைச் சொல்லின. 2015இல் கொழும்பில் விசேட மன்று ஒரு இராணுவச் சார்ஜனுக்கு மரண தண்டனை விதித்தது, 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கூட நின்ற நால்வரும் சாட்சியம் போதாமல் விடுதலையானார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்தார். அது நிரூபணத்தைப் பற்றிய விடயம் அல்ல, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன், மனம் ஆறாவிட்டாலும்.

குமாரபுரத்தில் கண்டவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் இருபது வருடம் போயிருந்தது. நானும் ஒருமுறை சாட்சிக் கூண்டில் ஏறியவன். வெறும் வீதி விபத்து, ஆறு வருடத்துக்குப் பின் விளக்கம். "அந்த லொறியின் எந்தப் பக்க லைட் எரிந்தது?" என்று சட்டத்தரணி கேட்டார். இடது பக்கம் என்றேன். அன்று பொலிசில் வலது பக்கம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இரண்டையும் வாசித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் இறங்கி வரும்போது பொய்யனைப் போலத்தான் இறங்கினேன். ஒரு லைட்டுக்கே இப்படி என்றால், பிள்ளையைப் பறிகொடுத்தவள், இருட்டிலும் ஓட்டத்திலும் பார்த்த முகத்தை இருபது வருடத்துக்குப் பின் சுட்டிக்காட்ட வேண்டும். அதுவும் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் வாயால் கேட்கும் சிங்கள மொழி ஜூரர் ஏழு பேருக்கு முன்னால். ஜூரர்கள் தம் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. ஆகவே அவர்கள் எந்தச் சாட்சியை, எதற்காக நம்பவில்லை என்று யாருக்கும் தெரியாது. நீதிபதி மட்டும் விளங்கியிருந்தால் காரணம் எழுதியிருக்க வேண்டும், அதை வரிக்கு வரி வாசித்து மேன்முறையீட்டில் கேள்வி கேட்டிருக்கலாம்.

கண்ட சாட்சி இல்லாமலும் கொலையை நிரூபிக்கலாம். 2015இல் புங்குடுதீவில் பாடசாலை மாணவி கொல்லப்பட்ட வழக்கில் விஞ்ஞானச் சாட்சியமும் ஏனைய சாட்சிகளும் சேர்ந்து, 2017இல் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று ஒன்பது பேரில் ஏழு பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. சூழ்நிலைச் சாட்சியத்துக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. எல்லாத் துண்டும் சேர்ந்து எதிரியின் குற்றத்தை மட்டுமே காட்ட வேண்டும். வேறொரு நியாயமான விளக்கத்துக்குச் சின்ன வாசல் திறந்திருந்தாலும் எதிரி அதன் வழியாகப் போய்விடலாம். கிரிக்கெட் வீரர் மகாதேவன் சதாசிவம் தன் மனைவியைக் கொன்றதாக 1951இல் குற்றம் சாட்டப்பட்டு 1953இல் விடுதலையானது அப்படித்தான். வீட்டு வேலையாள் தானும் உடந்தை என்று சொல்லி அரச தரப்புச் சாட்சியானார். கொன்றது அந்த வேலையாளே என்று எதிர்த்தரப்பு வாதாடியது. இறந்த நேரம் பற்றி வைத்திய நிபுணர்கள் மோதிக்கொண்டார்கள். சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போனது.

ஒப்புதல் வாக்குமூலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொலிசாரிடம் "நான்தான் கொன்றேன்" என்று ஒருவன் சொன்னால் 25ஆம் பிரிவின்படி அது அவனுக்கு எதிராகச் செல்லாது. அடித்து வாங்கலாம் என்பது 1895இலேயே தெரிந்திருக்கிறது. ஆனால் அவன் சொன்னதை வைத்துக் கத்தியோ உடலோ கண்டெடுக்கப்பட்டால், 27ஆம் பிரிவின்படி அந்தளவு பேச்சு மட்டும் உள்ளே வரும். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த வேலியைப் பிய்த்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ளவரிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் செல்லுபடியாக்கியது. அதன் விளைவைத் தமிழ்ப் பிள்ளைகள் நாற்பது வருடமாக அனுபவித்தார்கள். 2019க்குப் பின் நம் வீடுகளுக்கும் அது வந்தது.

கைபரில் நடந்த ஒன்றை ஹதீஸ் கிதாபுகளில் படித்திருப்பீர்கள். அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) அங்கே கொல்லப்பட்டுக் கிடந்தார். அது யூதர்கள் வாழ்ந்த இடம். சந்தேகம் யார் மேல் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. உங்களில் ஐம்பது பேர் சத்தியம் செய்வீர்களா என்று நபியவர்கள் (ஸல்) உறவினரிடம் கேட்டபோது, நாங்கள் காணாத ஒன்றுக்கு எப்படிச் சத்தியம் செய்வது என்று அவர்கள் பின்வாங்கினார்கள். மறுதரப்பின் சத்தியத்தை ஏற்கவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் யாரும் தண்டிக்கப்படவில்லை. நபியவர்களே நூறு ஒட்டகைகளை நட்டஈடாகக் கொடுத்து முடித்தார்கள். கொன்றவன் அகப்படாவிட்டாலும் செத்தவனின் குடும்பத்துக்கு ஆட்சி கடன்பட்டிருக்கிறது என்பது அதில் உண்டு. கடற்கரை வீட்டாருக்கும் குமாரபுரத்துக்கும் தீர்ப்பு சாதகமாக வராவிட்டாலும் ஏதோ ஒன்று கொடுபட வேண்டியதுதான். அது நிரூபணத்தின் கணக்கில் வராத இன்னொரு கடன்.

வகுப்பில் அந்தப் பிள்ளை கேட்ட இன்னொரு கேள்வியும் உண்டு: "அப்ப சேர், எல்லாம் முடிஞ்சா?" இல்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி ஏனைய குற்றங்களுக்கு வழக்குத் தொடர இருபது வருட எல்லை இருக்கிறது. கொலைக்கு எல்லையே இல்லை. குமாரபுரத்தில் ஜூரர் சபை விடுவித்தது விளக்கத்துக்குப் பிந்திய விடுதலை. மேல்மன்று அதை நீக்கினால் ஒழிய, அதே ஆட்களை அதே குற்றத்துக்கு மறுபடி நிறுத்த முடியாது. கடற்கரை வழக்கு அப்படி அல்ல. நீதவானுக்குக் கொலை வழக்கை விளங்கித் தீர்க்கும் அதிகாரம் இல்லை. மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பப் போதிய சாட்சியம் உண்டா என்று பார்ப்பது மட்டுமே அவர் வேலை. அப்படி விடுவிப்பதைச் சட்டம் நிரபராதி என்ற தீர்ப்பாகக் கொள்வதில்லை. போதிய சாட்சியம் கிடைத்தால் சட்டமா அதிபர் அந்தக் கோப்பை மறுபடி திறக்கலாம். போன சாட்சிகளில் சிலர் இன்னும் எங்கேயோ உயிரோடுதான் இருக்கிறார்கள்.